பானைச் சாம்பலும் அல்-கலீயும்

தனிம வரிசை அட்டவணையை முதன்முறையாகக் காணும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பத்தொன்பதாம் தனிமமான பொட்டாசியத்திற்கு 'கே' என்னும் ஆங்கில எழுத்து எவ்வாறு குறியீடாயிற்று? அத்தனிமத்தின் ஆங்கிலப் பெயரில் அவ்வெழுத்து எவ்விடத்தும் இல்லை. இவ்வையத்திற்கு நம்மிடையே நெடுங்காலமாக ஒரு விடை வழங்கி வருகிறது. 'கே' என்பது 'காலியம்' என்னும் பெயரின் முதலெழுத்து. காலியம் என்பது 'அல்-கலீ' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. எனவே வேதியியல் முஸ்லிம்கள் உலகிற்கு அளித்த கொடை என்பதே அவ்விடை. மீலாது மேடைகளிலும், அறிவியலுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கைக் கூறும் சிறுநூல்களிலும், மாணவர் மலர்களிலும் இதனை நாம் பலகாலும் கேட்டும் படித்தும் வந்துள்ளோம்.

இவ்விடையின் முதற்பகுதி உண்மையானது. அதனின்று பெறப்படும் முடிபே ஆராயத்தக்கது. ஏனெனில் அதே தனிமத்தின் மற்றொரு பெயராகிய பொட்டாசியம், 'பொட்டாஸ்' என்னும் டச்சுச் சொல்லின் வழிவந்தது. காலியம் என்ற பெயரைக் கொண்டு நாம் உரிமை கோருவோமாயின், பொட்டாசியம் என்ற பெயரைக் கொண்டு ஒல்லாந்தரும் உரிமை கோரலாம். ஒரே தனிமத்தின் மீது இரு தரப்பார் சொல்லாவணத்துடன் வழக்காட வேண்டியதாகும்.

இவ்வழக்கின் விந்தை இத்துடன் முடிவதில்லை. இன்று ஆம்ஸ்டர்டாமில் வேதியியல் பயிலும் மாணவர் இத்தனிமத்தைக் 'காலியம்' என்றே அழைக்கிறார். கெய்ரோவில் பயிலும் மாணவரோ 'பூத்தாஸ்யூம்' என்கிறார். அதாவது, டச்சு மொழியினர் அரபு வேரினின்று வந்த பெயரையும், அரபு மொழியினர் டச்சு வேரினின்று வந்த பெயரையும் வழங்குகின்றனர். இம்மாற்றம் நிகழ்ந்த வழியை அறிந்தால், ஒரு சொல்லின் பிறப்பு எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பது தெளிவாகும். நம் பெருமை எதன்மீது நிற்கத் தக்கது என்பதும் அதனோடு விளங்கும்.

டச்சுச் சொல்

'பொட்டாஸ்' என்பது இரு எளிய சொற்களின் கூட்டு. 'பொட்' என்பது பானை; 'அஸ்' என்பது சாம்பல். பானைச் சாம்பல் என்பதே அதன் நேர்ப்பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் வழக்கிற்கு வந்த இச்சொல், ஒரு தொழில்முறையை உள்ளவாறே உரைக்கிறது. மரங்களை எரித்துக் கிடைத்த சாம்பலை நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்தெடுத்து, இரும்புப் பானைகளில் இட்டு வற்றக் காய்ச்சுவர். அடியில் எஞ்சும் உப்பே பானைச் சாம்பல். இன்றைய வேதியியலின் மொழியில் கூறினால், அது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட் ஆகும்.

மரச் சாம்பலில் இவ்வுப்பு சிறிதளவே உண்டு. ஆதலால் சிறிது உப்பைப் பெறவும் பெருங்காடுகள் வேண்டியிருந்தன. அக்காடுகள் ஒல்லாந்தில் இல்லை. பால்டிக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் இருந்தன. டான்சிக், கோனிக்ஸ்பர்க், ரீகா முதலிய துறைமுகங்களிலிருந்து தானியமும் மரமும் சாம்பலும் டச்சுக் கப்பல்களில் மேற்கே சென்றன. இப்பால்டிக் வணிகத்தைத் தம் வணிகங்களுக்கெல்லாம் தாய் என்று ஒல்லாந்தர் போற்றினர். வந்திறங்கிய சாம்பலுப்பு, ஹார்லெம் நகரத்துத் துணி வெளுக்கும் களங்களிலும், சோப்புக் கொதிகலங்களிலும், கண்ணாடி உலைகளிலும் பயன்பட்டது. பொருள் சென்ற வழியே பெயரும் சென்றது. ஆங்கிலேயர் அதனைப் 'பாட்டாஷ்' என்றும், பிரெஞ்சுக்காரர் 'பொத்தாஸ்' என்றும் தத்தம் நாவிற்கேற்ப வழங்கினர்.

1807ஆம் ஆண்டு இலண்டனில் ஹம்ப்ரி டேவி, உருக்கிய எரிபொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தி, வெள்ளி போன்று மின்னும் மென்மையான ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பொட்டாஷிலிருந்து கிடைத்தமையால் அதற்குப் பொட்டாசியம் எனப் பெயரிட்டார். டச்சுத் தொழிலாளியின் பானை இவ்வாறு ஒரு தனிமத்தின் பெயருள் நிலையாக இடம்பெற்றது. இன்று காவிரிப் படுகையில் நெற்பயிருக்குப் 'பொட்டாஷ்' இடும் உழவரும், தம்மையறியாமலே ஒரு டச்சுச் சொல்லை நாள்தோறும் எடுத்தாளுகிறார். அவருடைய உரமூட்டையின்மீது அச்சிடப்பட்டிருக்கும் 'என்.பி.கே.' என்னும் மூன்றெழுத்துகளில் இறுதி எழுத்தோ அரபுச் சொல்லின் எச்சம்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். 'பொட்டாஸ்' என்னும் சொல் டச்சு மொழியில் பிறந்ததனால், சாம்பலைக் கரைத்து வற்றக் காய்ச்சும் முறையை ஒல்லாந்தரே கண்டனர் என்று எவரும் கூறுவதில்லை. சாம்பல் நீரின் வெளுக்கும் ஆற்றல் பன்னெடுங்காலமாகப் பல சமூகத்தாரும் அறிந்ததே. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணின் இயல்பை அறிந்திருந்ததும் இத்தகையதே. டச்சுச் சொல் சான்று கூறுவது, அச்சரக்கு எவருடைய கப்பலில், எவருடைய சந்தை வழியாகப் பரவியது என்பதற்கு மட்டுமே.

அரபுச் சொல்

இனி, அல்-கலீயை நோக்குவோம். 'கல்ய்' என்னும் அரபு வினைப்பெயர் வறுத்தல், பொரித்தல் என்னும் பொருளுடையது. வாணலியைக் குறிக்கும் 'மிக்லாத்' என்னும் சொல்லும் இவ்வேரினின்று வந்ததே. 'கலீ' அல்லது 'கில்ய்' என்பது, உவர்நிலத்தில் வளரும் சிலவகைச் செடிகளைச் சுட்டெரித்துப் பெறும் சாம்பலின் பெயர். 'உஷ்னான்' முதலிய பெயர்களால் அரபு நூல்கள் குறிக்கும் அச்செடிகள், நம் கடலோர உப்பளங்களில் வளரும் உமரிக்கு உறவானவை.

நம் மதரஸாக்களில் பயின்றோர்க்கு உஷ்னான் புதிதன்று. நாய் வாய்வைத்த பாத்திரத்தைத் தூய்மை செய்யும் சட்டத்தில், மண்ணுக்குப் பகரமாக உஷ்னானோ சவுக்காரமோ போதுமா என்னும் வினாவை ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் விவாதிக்கின்றன. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்-வர்ராக் பக்தாதில் தொகுத்த சமையல் நூலிலும், உண்டபின் கை கழுவுதற்குரிய உஷ்னான் கலவைகள் இடம்பெற்றுள்ளன. ஆகவே கலீ என்பது, சோதனைச்சாலைக்குள் மட்டும் வழங்கிய மறைபொருட் சொல்லன்று. வீட்டிலும் அங்காடியிலும் பள்ளிவாசலிலும் அறியப்பட்ட அன்றாடச் சொல்.

கண்ணாடி செய்வோரும் சோப்புச் செய்வோரும் இச்சாம்பலை விலைகொடுத்து வாங்கினர். சிரியாவின் செடிச் சாம்பலை வெனிஸ் நகரத்தார் கப்பலேற்றிச் சென்று, தம் புகழ்பெற்ற கண்ணாடிக்கு மூலப்பொருளாக்கினர். ஃபலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்துச் சோப்பு, ஒலிவ எண்ணெயுடன் இதே சாம்பலைச் சேர்த்துச் செய்யப்பட்டது. யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள நிலங்களில் பதவியர் செடிகளைச் சேர்த்து எரித்து, அச்சாம்பலை ஒட்டகங்களில் ஏற்றி நாப்லுஸிற்குக் கொணர்ந்தனர். 'கில்வ்' என்பதே அங்கு அதன் பெயர். பிற்காலத்தில் ஆலைகளில் செய்யப்பட்ட எரிசோடா அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. எனினும் அச்சோப்பு செய்யும் மரபு அழியவில்லை. 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

சொற்பிறப்பு ஆராய்ச்சியில் நம் முன்னோர் கைக்கொண்ட ஒழுங்கையும் இவ்விடத்தே நினைவுகூர்தல் தகும். 'அள்ளுஹா' அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தில், இறைவன் தன் தூதரை வெறுத்துவிடவில்லை என்னும் பொருளில் வருகின்ற வினையும் 'காஃப், லாம், யா' என்னும் எழுத்துகளையே உடையது. வறுத்தலுக்கும் வெறுத்தலுக்கும் தொடர்பு யாது? இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானீ (ரஹ்) தம் 'முஃப்ரதாத்' நூலில் இதற்கு ஒரு வழியை மட்டும் கூறி அமையவில்லை. இறுதி எழுத்தை 'வாவ்' எனக் கொண்டால் எறிதல் என்னும் பொருளிலிருந்தும், 'யா' எனக் கொண்டால் வாணலியில் வறுத்தல் என்னும் பொருளிலிருந்தும் அது பெறப்படும் என இரு வழிகளையும் எடுத்துரைக்கிறார். இறைமறையின் சொல்லுக்குப் பொருள் காணும்போதே, ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புகளைத் திறந்து வைத்தவர்கள் நம் அகராதி ஆசிரியர்கள். வேதியியல் சொல்லுக்குப் பிறப்புக் கூறும் நாம் அந்நிதானத்தை இழந்திருப்பது வருந்தத்தக்கது.

பெயர் இடம்மாறிய கதை

கலீயும் பொட்டாஸும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்பதுபோல் இதுவரை நாம் எழுதி வந்தோம். உண்மையில் அவை ஒன்றல்ல. உவர்நிலச் செடிகளின் சாம்பலில் மிகுந்திருப்பது சோடியம் கார்பனேட். உள்நாட்டு மரங்களின் சாம்பலில் மிகுந்திருப்பது பொட்டாசியம் கார்பனேட். முன்னதைக் கொண்டு செய்யும் சோப்பு கட்டியாக இறுகும். நாப்லுஸ் சோப்பு அவ்வகையினது. பின்னதைக் கொண்டு செய்வது களிபோல் இளகியிருக்கும். ஒல்லாந்தரின் 'பச்சைச் சோப்பு' அவ்வகையினது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் உப்புச் செடியை எரித்தன. வடக்கு நாடுகள் காட்டு மரத்தை எரித்தன. நிலத்தின் இயல்பு சாம்பலின் இயல்பாயிற்று.

அரபு நூல்கள் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட காலத்தில் 'அல்காலி' என்னும் சொல் ஐரோப்பாவிற்குச் சென்றது. சென்றவிடத்தில் அதன் பொருள் விரிந்தது. செடிச் சாம்பலின் பெயராக இருந்தது, காரத்தன்மையுள்ள எல்லா உப்புகளுக்கும் பொதுப்பெயராயிற்று. இவ்வாறு பல பொருள்களை ஒரே பெயரில் அடக்கியதனால், அவற்றிடையே உள்ள வேறுபாட்டை மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. 1736இல் பிரான்சின் துயமெல் து மோன்சோ, கடலுப்பின் காரமும் மரச்சாம்பலின் காரமும் வெவ்வேறானவை எனக் காட்டினார். 1750களின் இறுதியில் பெர்லினைச் சார்ந்த மார்க்கிராஃப், சுடரில் இட்டால் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று ஊதாவாகவும் ஒளிர்வதைக் கண்டு, அவ்வேறுபாட்டை உறுதி செய்தார்.

வேறுபாடு நிறுவப்பட்டபின் இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமன்றோ? 1797இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் மரச்சாம்பலின் காரத்திற்குக் 'காலி' என்றும், மற்றதற்கு 'நேட்ரான்' என்றும் பெயர் வழங்கலாம் என்றார். டேவியின் கண்டுபிடிப்பிற்குப் பின்னர், 1809இல் கில்பர்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர், அவர் இட்ட பொட்டாசியம் என்ற பெயருக்கு மாற்றாகக் 'காலியம்' என்னும் பெயரை முன்மொழிந்தார். சுவீடனின் பெர்சீலியஸ் வகுத்த குறியீட்டு முறையில் 'கே' என்னும் எழுத்து நாளடைவில் நிலைபெற்றது. ஜெர்மானியரைப் பின்பற்றி ஒல்லாந்தரும் காலியம் என்றனர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொட்டாசியம் என்ற பெயரையே போற்றினர். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாடநூல்களின் வழியே புதிய வேதியியலைப் பயின்ற அரபு நாட்டினர், 'பூத்தாஸ்யூம்' என்பதை ஏற்றுக்கொண்டனர்.

இவ்வரலாற்றில் நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்று உள்ளது. அரபு மக்கள் கலீ என அழைத்த சாம்பலில் மிகுந்திருந்த தனிமம் சோடியம். ஆனால் அப்பெயர் சென்று ஒட்டிக்கொண்டதோ, வடநாட்டு மரச்சாம்பலில் மிகுந்திருந்த பொட்டாசியத்தின் மீது. அதாவது, நாம் மேடைதோறும் எடுத்துக்காட்டும் அந்தக் 'கே' என்னும் எழுத்து, அரபுச் சொல்லை அதன் உரிய பொருளினின்று பிரித்து வேறொரு பொருளின்மீது ஏற்றியதன் விளைவு. அதனை வைத்தவர் அரபியர் அல்லர்; ஜெர்மானியர். அவ்வெழுத்து நம் முன்னோரின் அறிவிற்குச் சான்று என்று கூறுவது, முகவரி மாறிச் சென்ற மடலைக் காட்டி உரிமை கோருவதற்கு ஒப்பாகும்.

சொல்லில் இல்லாத அறிவு

அவ்வாறாயின் நம் முன்னோர்க்கு இத்துறையில் பங்கேதும் இல்லையா? இவ்வினாவிற்கு விடை அல்-கலீ என்னும் சொல்லில் இல்லை. அதனை ஆண்டவர்களின் நூல்களில் இருக்கிறது.

ரய் நகரில் ஏறத்தாழ கி.பி. 865இல் பிறந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, மருத்துவத்தில் பெற்ற புகழால் நம்மிடையே அறியப்பட்டவர். வேதியியலில் அவர் இயற்றிய 'கிதாபுல் அஸ்ரார்', பெயரளவில் மறைபொருள்களின் நூலாயினும், உள்ளடக்கத்தில் செய்முறைக் கையேடாகும். தாம் கையாளும் பொருள்கள், கருவிகள், செயல்முறைகள் என முறையாகப் பகுத்துக்கொண்டு அவர் எழுதுகிறார். கனிமப் பொருள்களை ஆவிகள், உலோகங்கள், கற்கள், துத்தங்கள், வெண்காரங்கள், உப்புகள் என வகைப்படுத்துகிறார். அவர் கூறும் உப்புகளின் வரிசையில் கலீ உப்பு ஓரிடத்திலும், மரச்சாம்பலின் உப்பு வேறோர் இடத்திலும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன.

இதனை மிகைப்படுத்தலாகாது. சோடியம், பொட்டாசியம் என்னும் தனிமங்களை அர்ராஸீ அறிந்திருந்தார் என்றோ, மார்க்கிராஃபின் சுடர்ச் சோதனையை எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே செய்துவிட்டார் என்றோ எழுதினால், நாம் கண்டிக்கும் பிழையையே நாமும் செய்தவராவோம். தனிமம் என்னும் கருத்தே அவர் காலத்தில் இன்றைய பொருளில் இல்லை. அவர் செய்தது இதுதான்: வெவ்வேறு மூலங்களிலிருந்து வெவ்வேறு முறையில் கிடைத்த இரு பொருள்களை, பெயரின் வசதிக்காக ஒன்றாக்கி விடாமல், தனித்தனியே குறித்து வைத்தார். கையால் தொட்டு, காய்ச்சி, வடித்துப் பழகியவர்க்கே வாய்க்கும் எச்சரிக்கை இது. 'அல்காலி' என்னும் பொதுப்பெயர் மறைத்துவிட்ட வேறுபாட்டை, அர்ராஸீயின் பட்டியல் காத்து வைத்திருந்தது.

எனவே நாம் வந்தடையும் முடிபு இது. காலியம் என்னும் சொல்லில் அரபு ஒலி உள்ளது; அர்ராஸீயின் உழைப்பு இல்லை. அவருடைய உழைப்பு அவர் வகுத்த வரிசையில் உள்ளது. அதற்கு ஐரோப்பிய மொழிகளில் அரபு ஒலியுடைய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. சொற்களை மட்டும் எண்ணிப் பெருமை கொள்வோர், பெருமைக்குரியதைக் காணாமல் விட்டுவிட்டு, தற்செயலாக ஒட்டிக்கொண்டதைப் பற்றிக்கொள்கின்றனர்.

பட்டியல்களின் குறை

நம் நூல்களில் வழக்கமாக இடம்பெறும் 'அல்' பட்டியல்களின் குறைகளை இனி வகுத்துக் கூறலாம்.

முதலாவது, 'அல்' என்னும் தொடக்கத்தையே அரபுப் பிறப்பிற்குப் போதிய சான்றாகக் கொள்வது. 16ஆம் நூற்றாண்டின் பாராசெல்சஸ், 'அல்காஹெஸ்ட்' என்றொரு சொல்லை வழங்கினார். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மோன்ட் அதனை எப்பொருளையும் கரைக்கும் நீர்மத்தின் பெயராக்கிப் பரப்பினார். ஒலியில் அது அரபுபோலவே தோன்றும். ஆனால் அதற்கு அரபில் வேர் இல்லை. அரபு நூல்களுக்கு அன்றிருந்த மதிப்பைக் கருதி, அரபுச் சாயலில் புனையப்பட்ட சொல்லாகவே அது கருதப்படுகிறது.

இரண்டாவது, சான்றைவிடச் சுவையான விளக்கத்தை விரும்புவது. 'அல்கஹால்' என்னும் சொல்லை, 'அஸ்ஸாஃப்பாத்' அத்தியாயத்தில் வரும் 'கவ்ல்' என்னும் சொல்லிலிருந்து வருவிப்போர் நம்மிடையே உண்டு. சுவனத்தின் பானத்தில் மதிமயக்கம் இல்லை என்னும் வசனத்தில் அச்சொல் வருவதால், அவ்விளக்கம் உள்ளத்தைக் கவர்கிறது. ஆனால் அச்சொல் ஐரோப்பாவில் முதலில் குறித்தது மதுவையன்று. நன்கு அரைத்த நுண்பொடியை. கண்ணுக்கிடும் 'அல்-குஹ்ல்', அதாவது நம் வீடுகளில் சுர்மா என வழங்குவதே, அதன் மூலம். நுண்பொடி என்பதிலிருந்து எப்பொருளின் நுண்ணிய சாரத்தையும் குறிக்கும் சொல்லாகி, பின்னர்ப் பாராசெல்சஸின் வழக்கில் மதுவின் சாரத்தைக் குறிக்கலாயிற்று. இறைவசனத்தைத் துணைக்கழைத்து ஒரு தவறான சொற்பிறப்பை நிறுவ முயல்வது, வசனத்திற்கும் நாம் செய்யும் குறையாகும்.

மூன்றாவது, அரபு மொழியில் உள்ளதெல்லாம் அரபியரிடம் தோன்றியதே எனக் கொள்வது. 'அல்-கீமியா' என்னும் பெயரே கிரேக்கத்திலிருந்து அரபிற்கு வந்தது. கிரேக்கர் எகிப்தின் கைவினைஞரிடம் கற்றனர். பக்தாதின் மொழிபெயர்ப்பாளருள் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறித்தவர். தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் நகரத்து ஸாபியர். அறிவை எவரிடமிருந்தும் பெறத் தயங்காத அப்பண்பே அந்நாகரிகத்தின் மாண்பு. அதனை மறைத்துவிட்டு, எல்லாம் எம்மிடமிருந்தே தொடங்கின என்பது அம்மாண்பை மறுப்பதாகும்.

இலங்கைத் தமிழில் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பர். அது 'கந்தோர்' என்னும் அதே ஒலிப்பையுடைய டச்சுச் சொல். டச்சுக்காரரோ அதனைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றனர். இச்சொல்லைக் காட்டி, கணக்கெழுதும் கலையை இலங்கைத் தமிழர்க்கு ஒல்லாந்தர் கற்பித்தனர் என ஒருவர் வாதிட்டால், நாம் ஒப்புவோமா? ஒல்லாந்தர் வருமுன்னரே அத்தீவின் கடற்கரைகளில் வணிகம் செய்து கணக்கு வைத்திருந்த நம் முன்னோரை நினைத்து நகைப்போம். பிறர் கூறினால் நகைப்பிற்கிடமாகும் வாதம், நாம் கூறும்போது மட்டும் சான்றாகிவிடாது.

செய்ய வேண்டியது

லைடன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரைன்ஹார்ட் டோசி, 1867ஆம் ஆண்டு 'கீழ்த்திசையினர்' என்னும் பொருள்படும் தலைப்பில், டச்சு மொழியில் கலந்துள்ள கீழ்நாட்டுச் சொற்களின் விளக்கப் பட்டியலொன்றை வெளியிட்டார். அரபு, எபிரேயம், பாரசீகம், துருக்கி முதலிய மொழிகளின் சொற்களை அவர் ஒருங்கே தொகுத்தார். அவர் நோக்கில் அது மொழிகளின் உறவு பற்றிய ஆய்வு. ஒரு சமயத்தாரின் வெற்றிக் கணக்கன்று. இஸ்லாமிய வரலாறு குறித்து டோசி எழுதியவற்றில் நாம் ஏற்கவியலாதவை பல உண்டு. எனினும் சொல்லைச் சொல்லாக மட்டும் எடைபோட்ட அம்முறையை ஏற்பதில் நமக்குத் தடையில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு இன்னும் சிறந்த முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் இராக்கிலும் பாரசீகத்திலும் இருந்த வேதியியல் குறித்து, 1927இல் கல்கத்தாவின் வங்காள ஆசியக் கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஸ்டேபிள்டன், ஆஸோ ஆகியோருடன் அதனைச் செய்தவர் ஹிதாயத் ஹுசைன் என்னும் இந்திய முஸ்லிம் அறிஞர். அவர்கள் 'அல்' என்று தொடங்கும் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அர்ராஸீயின் எழுத்துகளையே எடுத்துப் படித்து, அவர் கூறிய பொருள்கள் யாவை, கருவிகள் யாவை, முறைகள் யாவை என ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் யூலியுஸ் ருஸ்கா, அர்ராஸீயின் வேதியியல் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அர்ராஸீயை அறிவியல் உலகம் இன்று மதிக்கிறதென்றால் அது இத்தகைய உழைப்பின் பயனே. அகராதியில் எஞ்சிய ஓரெழுத்தின் பயனன்று.

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இவ்வழியில் செல்ல வேண்டிய தொலைவு மிகுதி. நம் இளைஞருள் வேதியியல் பயின்றோர் பலர். அரபு பயின்றோரும் பலர். இவ்விரு சாராரும் ஓரிடத்தில் அமர்ந்து, 'கிதாபுல் அஸ்ரார்' போன்ற ஒரு நூலின் சில பக்கங்களையேனும் பொறுமையுடன் படித்துத் தமிழில் தருவார்களாயின், அது நூறு பட்டியல்களுக்கு மேலான பணியாகும். அப்போது 'கே' என்னும் எழுத்தைப் பற்றி வினவும் மாணவர்க்கு நாம் முழு விடையையும் கூறலாம். அது அரபுச் செடிச் சாம்பலின் பெயர். ஜெர்மானியர் அதனை மரச்சாம்பலின் மீது ஏற்றினர். ஒல்லாந்தர் தம் பானையின் பெயரை ஆங்கிலேயர்க்குக் கொடுத்துவிட்டு இதனை எடுத்துக்கொண்டனர். ரய் நகரத்து அறிஞர் ஒருவரோ, இவ்விரு சாம்பலையும் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே தனித்தனியே குறித்து வைத்திருந்தார். இவ்விடை சற்று நீளமானதுதான். ஆனால் இதனைக் கேட்கும் மாணவர் நாளை எந்த நூலகத்திற்குச் சென்று சரிபார்த்தாலும், நம்மைக் குறித்துத் தலைகுனிய நேராது.